மான் செத்தால் மாட்டுக்காரனா குற்றவாளி?

பங்குனி பிறந்துவிட்டால் பாப்பாரப்பட்டிக்கு மேற்கே, பென்னாகரம் காட்டுப் பக்கத்தில், தண்ணீருக்குத் தட்டுப்பாடுதான். புள்ளிமான் காட்டோரத்துக் குட்டையைத் தேடி இறங்கி வருகிறது. ஊர் மாடும் அதே குட்டையில்தான் வாய் வைக்கிறது. நோய் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ இதைவிட வசதியான இடம் வேண்டுமா? ஆனால், மான் ஒன்று செத்துக் கிடந்தால் உடனே எழும் கூச்சல் என்ன? "மாடு மேய்ப்பவன் நோயைக் கொண்டுவந்துவிட்டான், அவனை விரட்டு!" என்பதுதான்.

இந்தக் கூச்சலில் பாதி உண்மை உண்டு. 1968-இல் முதுமலை, பந்திப்பூர்க் காடுகளில் வெக்கை நோய் புகுந்து காட்டெருதுகளைக் கொத்துக் கொத்தாகச் சாய்த்தது. நாட்டு மாட்டின் நோய்தான் அது, மறுக்கவில்லை. ஆனால் அந்த நோயை ஒழித்தது எது? வேலியா? தடியா? ஊர் ஊராகச் சென்று மாட்டுக்குப் போட்ட ஊசி ஒழித்தது! 2006-இல் இந்தியாவும், 2011-இல் உலகம் முழுவதும் வெக்கை நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டன. மாட்டைக் காத்தார்கள், காட்டெருதும் பிழைத்தது.

இன்று மிச்சமிருப்பவற்றில் முக்கியமானவை இரண்டு. ஒன்று கோமாரி. வாயிலும் குளம்பிலும் புண் கண்டு, நொண்டிக்கொண்டு, மந்தையை விட்டுப் பின்தங்கும் மானைப் பார்த்தாலே சந்தேகம் வரவேண்டும். இதற்காக 2019-இல் மத்திய அரசு தொடங்கிய திட்டப்படி மாடுகளுக்கு ஆண்டுக்கு இருமுறை இலவசமாக ஊசி போட வேண்டும். ஊசிக்காரர் ஊர்த்தெருவில் நிற்கும் நாளில் மாடு காட்டோரப் பட்டியில் நின்றால் யாருக்கு என்ன பயன்?

மற்றது அடைப்பான். இது இன்னும் கொடியது. இதன் வித்து மண்ணில் பல ஆண்டுகள் சாகாமல் கிடக்கும். வறட்சிக்குப் பின் மழை பெய்து புல் தளிர்க்கும்போது, மண்ணோடு புல்லை மேயும் பிராணிகளைத் தாக்கும். 2022-இல் கேரளத்து அதிரப்பள்ளிக் காட்டில் காட்டுப்பன்றிகள் இதனால் மடிந்தன. மனிதனையும் இது விடாது. மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த ரத்தம் வடியச் செத்துக் கிடக்கும் பிராணியை யாரும் அறுக்கக்கூடாது, தோலுரிக்கக்கூடாது. எரிக்க வேண்டும், அல்லது சுண்ணாம்பு போட்டு ஆழப் புதைக்க வேண்டும். இதற்கும் மாடுகளுக்கு ஊசி உண்டு. 1932-இல் ஏற்பட்ட ராணிப்பேட்டை நிலையம் நம் மாநிலத்திலேயே அதைத் தயாரிக்கிறது.

ஆக, மருந்துக்குப் பஞ்சமில்லை; பார்க்கும் கண்ணுக்குத்தான் பஞ்சம். அமெரிக்காவில் மான்களின் மூளையை அரிக்கும் ஒரு நோய் 1967-இல் கொலராடோவில் முதலில் தென்பட்டது. அங்கே வேட்டைப் பருவந்தோறும் வேட்டைக்காரர்களே மான் தலைகளைச் சோதனைக்குக் கொடுக்கிறார்கள். நார்வே நாட்டில் அதே நோய் 2016-இல் தெரிந்ததும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கலைமான்கள் கொண்ட ஒரு மந்தையையே அழித்தார்கள். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி வேட்டை குற்றம். அது சரியான சட்டம்தான். அப்படியானால் இங்கே காட்டின் கண் யார்? விடிந்தது முதல் அடையும்வரை அங்கே நடக்கும் மாட்டுக்காரன்தான்!

அவனோ செத்த மானைக் கண்டால் வாய் திறக்க அஞ்சுகிறான். சொன்னால் "நீதான் கொன்றாய்" என்று வழக்கு வருமோ என்ற பயம். 2022-இல் சென்னை உயர்நீதிமன்றம் சரணாலயங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் புலிகள் காப்பகங்களிலும் மேய்ச்சலைத் தடுத்தது. காவிரி வடக்கு, காவிரி தெற்கு என இரண்டு சரணாலயங்கள் நம் வட்டாரத்தை ஒட்டியே இருக்கின்றன. எல்லைக் கல் எங்கே என்று தெரியாத ஏழைக்கு அச்சம் இரட்டிப்பாகாதா?

மாடு கால்நடை இலாகாவுக்கு. மான் வன இலாகாவுக்கு. கிருமிக்கு எந்த இலாகா என்று யாராவது பங்கு பிரித்திருக்கிறார்களா?

மாசி முதல் வைகாசி வரையிலும், முதல் மழைக்குப் பின்னும், இரு இலாகாக்களும் சேர்ந்து குட்டைகளைக் கண்காணிக்கட்டும். கால்நடை மருத்துவர் ஒருவரும் உள்ளூர் மாட்டுக்காரர் சிலரும் அதில் இருக்கட்டும். மாட்டுக்காரருக்கு நாட்கூலி கொடுக்கட்டும். புழுக்கை, உண்ணி, புண்ணின் நீர் ஆகியவற்றை மருத்துவர் எடுத்துச் சோதனைக்கு அனுப்பட்டும். ஊசி போடுபவர் பட்டிக்கே போகட்டும். செத்த மானைப் பற்றித் தகவல் தந்தவன்மீது அந்தத் தகவலுக்காக வழக்கில்லை என்று எழுத்தில் உத்தரவு வரட்டும். அந்த உத்தரவு அடுத்த மாசிக்கு முன்பே வரவேண்டும் என்று வற்புறுத்துகிறோம்.