வயரில் சிக்கனம் வேண்டாம்!

வீடு கட்டுகிறவர்கள் வாசற்கதவுக்குத் தேக்கு தேடுகிறார்கள். தரைக்கு நல்ல கல்லாகப் பார்க்கிறார்கள். ஆனால், சுவருக்குள் போகும் வயரை மட்டும், "ஏதோ ஒன்றைப் போடுங்கள்" என்று விட்டுவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாததுதானே என்ற எண்ணம்! அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

சூடு ஏன்?

மின்சாரம் ஓடும்போது கம்பி சூடாகும். கம்பி மெல்லியதானால் சூடு அதிகம். மின்சாரம் இரண்டு மடங்கு ஓடினால், சூடு நான்கு மடங்கு ஆகும். ஜூல் என்ற ஆங்கில விஞ்ஞானி 1841-ம் ஆண்டில் கண்டறிந்த உண்மை இது. சூடு மிஞ்சினால் வயரின் மேலுறை இளகும். பிறகு தீப்பிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

எளிய கணக்கு

ஒவ்வொரு மின்சாதனத்திலும் அதன் 'வாட்ஸ்' அளவு எழுதியிருக்கும். அதை 230-ஆல் வகுத்தால், எத்தனை ஆம்பியர் என்று தெரிந்துவிடும். 3,000 வாட்ஸ் கீசருக்கு 13 ஆம்பியர் வேண்டும். 9 வாட்ஸ் பல்புகள் 333 எரிவதும், இந்த ஒரு கீசர் ஓடுவதும் ஒன்றே! பல்புக்குப் போட்ட வயர் இதைத் தாங்குமா?

செப்புக் கம்பியில் விளக்கு, மின்விசிறிக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் போதும். பெரிய பிளக்குகளுக்கு 2.5 வேண்டும். கீசருக்கும் ஏ.சி.க்கும் 4 சதுர மில்லிமீட்டர் வயரைத் தனித்தனியாக இழுப்பது நல்லது. தூரம் அதிகமானால் இன்னும் தடித்த வயர் தேவைப்படும்.

பழைய வீடுகள்

"இத்தனை வருடமாக ஒன்றும் ஆகவில்லையே" என்பார்கள் சிலர். அன்று வீட்டில் நாலு விளக்கு, ஒரு மின்விசிறி. இன்று கிரைண்டர், கீசர், ஏ.சி. எல்லாம் வந்துவிட்டன. வயர் மட்டும் அதே பழைய வயர்!

பாரம் கூடினால் எம்.சி.பி. விழும், பியூஸ் போகும். உடனே பெரிய எம்.சி.பி.யை மாட்டுகிறார்கள். பியூசில் தடித்த கம்பியைச் சுற்றுகிறார்கள். இது, திருடன் வருகிறான் என்று கத்திய காவல்காரனின் வாயைக் கட்டுவது போல! மாற்ற வேண்டியது வயரை.

ஆகவே, வயரிங் செய்யும்போது பக்கத்தில் நின்று கேளுங்கள். "இது என்ன அளவு? எத்தனை ஆம்பியர் தாங்கும்? ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா?" என்று கேட்பதில் வெட்கம் இல்லை. அந்தச் சுவருக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கப்போவது உங்கள் பிள்ளைகள்தான்!