மிஸ்ஸி, ஒரு நிமிஷம்!

2021 ஜனவரி 14. சிங்கப்பூர் தேசியக் கண் நிலையத்தில் ஊழியர்களுக்குக் கோவிட் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தார்கள். மருந்தை நீர்க்கச் செய்ய வேண்டியவர், அதை முடிக்குமுன் வேறு வேலைக்கு அழைக்கப்பட்டார். குப்பியில் இருப்பது கலந்து முடித்த மருந்து என்று இன்னொருவர் நினைத்தார். ஒரே ஊசியில் ஐந்து பேருக்கான அளவு ஒருவர் உடம்பில் ஏறியது. சில நிமிடங்களில் கண்டுபிடித்துவிட்டார்கள். நல்லவேளை, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கவனக்குறைவு என்று ஒதுக்கிவிடுவது சுலபம். எனக்கு உறுத்துவது இடையில் வந்த அந்த அழைப்பு.

வார்டில் நோயாளியைப் பார்க்கப் போகும் நாமும் அப்படி அழைப்பதுண்டு. தேக்காவிலிருந்து தூக்குச்சட்டியோடு போகிறோம். தாதி மருந்து வண்டியருகே நின்று, நோயாளியின் கைப்பட்டையைப் பார்த்து, பெயர் கேட்டு, மாத்திரையை எண்ணிக்கொண்டிருப்பார். “மிஸ்ஸி, அப்பாவுக்கு இன்னொரு தலையணை!” எண்ணிக்கை போச்சு. தினமும் பார்ப்பவரிடம் எதற்குப் பெயர் கேட்கிறார் என்று முணுமுணுப்பு வேறு.

இன்சுலின், ஹெப்பாரின் போன்ற, அளவு தவறினால் ஆபத்தான மருந்துகளை இரண்டாவது தாதி சரிபார்ப்பதுண்டு. அவர் தனியாகக் கணக்கிட வேண்டும். முதலாமவர் சொன்ன எண்ணுக்குத் தலையாட்டினால் அது சரிபார்ப்பே அல்ல. கொடுத்த பிறகும் கண்காணிப்பு உண்டு. இன்சுலினுக்குப் பின் அப்பாவுக்கு வியர்த்து, கை நடுங்கினால் தயங்காமல் கத்திக் கூப்பிடுங்கள். மற்ற குறுக்கீடுகளைத் தவிர்க்கவே, வெளிநாட்டு மருத்துவமனைகள் சிலவற்றில், மருந்து கொடுக்கும் தாதிகள் ‘தொந்தரவு செய்யாதீர்’ என்று எழுதிய மேலங்கி அணிகிறார்கள். நம்மவர்கள் கண்டால், அது என்ன மேலங்கி என்று அவர்களையே நிறுத்தி விசாரிப்பார்கள்.