காவற் கருவியின் மௌனம் சாட்சியாகுமோ?

மனை காத்தல், மனிதன் மனை கட்டிய நாள்தொட்டே அவனுடன் வளர்ந்து வரும் கவலையாகும். மதிலும் அகழியும், தாழும் பூட்டும், நாயும் காவற்காரனும் இக்கவலையினின்றும் தோன்றிய காப்புக்களே. இவ்வரிசையில் அண்மையில் வந்து சேர்ந்தது, மின்கம்பித் தொடர்பின்றிப் பாட்டரியினாலேயே இயங்கும் சிறு காமிரா. இரண்டொரு திருகாணிகளால் வாயிற்சுவரிற் பொருத்திவிட்டால், ஆள் வந்த செய்தியையும் அவர்தம் உருவத்தையும் அது நம் கைப்பேசிக்கு அனுப்புகின்றது. கடல் கடந்து பணியாற்றும் மக்கள், ஊரில் தனித்திருக்கும் முதிய பெற்றோரின் வாயிலை இதனைக் கொண்டே காண்கின்றனர். இத்துணைப் பயனுடைய கருவியைப் பழித்தல் எம் நோக்கமன்று. ஆயின், அது கண்டதே நிகழ்ந்தது, அது காணாதது நிகழாதது என்று கொள்ளும் வழக்கம் நம்மிடையே வேரூன்றி வருகின்றது. இவ்வழக்கம் பிழையானது என்பதும், அதனால் எளியோர்க்குத் தீங்கு விளையும் என்பதுமே இக்கட்டுரையின் துணிபு.

வீட்டுக் காமிராவின் வரலாறு நெடியதன்று. நியூயார்க் நகரின் குயீன்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரௌன் என்னும் செவிலியார், தம் கணவர் ஆல்பர்ட் பிரௌனுடன் சேர்ந்து 1966-ஆம் ஆண்டில் இத்தகைய அமைப்பொன்றிற்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்து, 1969-இல் அதனைப் பெற்றார். கதவிலுள்ள துளைகளின் வழியே மேலும் கீழும் நகர்ந்து நோக்கும் காமிரா, வெளியே நிற்பவரைத் தொலைக்காட்சித் திரையிற் காட்டும். உள்ளிருப்பவர் அவரோடு பேசலாம். வேண்டுமாயின் இருந்தவிடத்திலிருந்தே கதவைத் திறக்கலாம். அக்கருவியின் பின்னே ஒரு மனிதர் இருந்தார் என்பது ஈண்டுக் கருதற்பாலது. கதவு தட்டும் ஓசை கேட்டு விழித்தவர் மனிதர். காமிரா அவர் கண்ணுக்குத் துணை. இன்றைய பாட்டரிக் காமிராவிலோ, உறங்குவதும் கருவியே. விழிக்க வேண்டியதும் கருவியே.

அஃது ஏன் உறங்க வேண்டும் எனின், கணக்கே விடை கூறும். 5,000 மில்லி ஆம்பியர்-மணிக் கொள்ளளவும் 3.7 வோல்ட் அழுத்தமும் உடைய பாட்டரியில் அடங்கிய ஆற்றல் 18.5 வாட்-மணியாகும். காமிரா ஓயாது இயங்கி 2 வாட் செலவிடுமாயின், அவ்வாற்றல் 9 மணி நேரத்திற்குச் சற்று மேல் தாங்காது. மாதக்கணக்காக உழைக்க வேண்டிய கருவி, பெரும்பொழுதும் கண்மூடிக் கிடப்பதன்றி வேறு வழியில்லை. ஆதலின், மிகச் சிறிதளவு மின்சாரமே வேண்டும் உணர்கருவி ஒன்றை மட்டும் விழித்திருக்கச் செய்து, காமிராவை உறங்க வைத்தனர். அவ்வுணர்கருவி உருவத்தைக் காண்பதன்று; வெப்பத்தின் மாறுதலை உணர்வது. இவ்வொரு செய்தியை உளங்கொண்டால் மற்றவை யாவும் எளிதில் விளங்கும்.

சூரிய ஒளியிற் செந்நிறத்திற்கு அப்பாலும் கண்ணுக்குப் புலனாகாத கதிர்கள் உள என்பதை 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டறிந்தார். நம் உடலும் அத்தகைய அகச்சிவப்புக் கதிரை இடையறாது வீசுகின்றது; 9.4 மைக்ரோமீட்டர் அலைநீளத்தின் அருகே அது மிகுந்து நிற்கின்றது. வெப்பம் மாறுந்தோறும் மின்னழுத்தம் தோற்றும் பொருளாலான இரு துண்டுகளை ஒன்றற்கொன்று எதிராக இணைத்து, அவற்றின் முன் வரிவரியான பிளாஸ்டிக் லென்ஸ் ஒன்றை வைப்பர். கலங்கரை விளக்கங்களுக்கென்று பிரெனெல் வகுத்து, 1823-இல் பிரான்சு தேசத்துக் கோர்துவான் விளக்கில் முதன்முதல் ஏற்றப்பட்ட லென்சின் வழித்தோன்றலே இது. வாயில் முன்றிலைப் பல கூறுகளாக இந்த லென்ஸ் பகுக்கின்றது. வெப்பமுள்ள உடல் ஒரு கூற்றினின்றும் மற்றொன்றிற்குப் பெயருங்கால் இரு துண்டுகளிடையே வேறுபாடு தோன்ற, காமிரா துயிலெழுகின்றது.

இவ்வமைப்பின் குறைகள் மூன்று. முதலாவது, திசை பற்றியது. காமிராவின் முன் குறுக்கே நடப்பவர் பல கூறுகளைக் கடத்தலால் விரைவில் உணரப்படுவர். நேரே அதனை நோக்கி வருபவரோ, நெடுநேரம் ஒரே கூற்றினுள் நிற்றலால், மிக அணுகும்வரை உணரப்படாமற் போதலும் உண்டு. நம்மவர் பலரும் வாயிற்கு நேரெதிராகவே காமிராவை வைப்பதால், வருவோரெல்லாம் கருவி எளிதில் உணராத வழியிலேயே வருகின்றனர்.

இரண்டாவது, நம் நாட்டு வெயில் பற்றியது. மனிதத் தோலின் வெப்பம் ஏறத்தாழ 33 அல்லது 34 பாகை செண்டிகிரேடு. மார்கழி இரவிற் சுற்றுப்புறம் 20 பாகையாக இருப்பின், உடல் தனித்து விளங்கும். மதுரை, திருச்சிராப்பள்ளி, வேலூர் முதலிய ஊர்களிலோ கத்திரி வெயிற்காலத்தில் வெப்பம் 40 பாகையையும் எட்டுகின்றது. உடலைவிடச் சுவர் மிகச் சூடாயிருப்பினும் வேறுபாடு இருக்கும்; அதனைக் கருவி உணரும். உடலும் பின்னணியும் ஏறக்குறையச் சமமாகும் வேளையிலேதான் அது குருடாகின்றது. வெயில் ஏறும்பொழுது ஒருமுறையும் இறங்கும்பொழுது ஒருமுறையுமாக அச்சமநிலை கோடை நாளில் இருமுறை நேரலாம். இத்தனை அடி தொலைவுவரை உணரும் என்று பெட்டியின்மேல் அச்சிட்ட அளவு, அவ்வேளைகளிற் செல்லாது.

மூன்றாவது, காலத்தாழ்வு பற்றியது. உணர்கருவி எழுப்பிய பின்னர்க் காமிரா விழித்து, ஒளியைச் சீர்செய்து, பதிவு தொடங்குதற்கு ஒரு விநாடியோ சில விநாடிகளோ ஆகும். இயல்பாக நடப்பவர் ஒரு விநாடியில் ஏறத்தாழ 1.4 மீட்டர் கடப்பர். இரண்டு விநாடிக்குள் மூன்று மீட்டருக்கு அணித்தாகச் சென்றுவிடுவர். வந்தவர் முகம் அகப்படாது, திரும்பிச் செல்பவர் முதுகு மட்டும் பதிவாதல் இதனாலேயே. அன்றியும், ஒரு பதிவு முடிந்தபின் பாட்டரியைச் சேமிக்கும் பொருட்டுச் சிறிது நேரம் மீண்டும் உறங்கும் வழக்கம் பல கருவிகளுக்கு உண்டு. முன் சென்றவரைப் பதிந்த கருவி, பின்தொடர்ந்தவரை விட்டுவிடுதல் அதனால் நேர்வது.

இவற்றிற்கு மறுதலையாக, வேண்டாதவற்றிற்கெல்லாம் விழித்தலும் உண்டு. பூனை கடந்தாலும், வெயிலிற் காய்ந்த தென்னங்கீற்று அசைந்தாலும், சூடேறிய எந்திரத்துடன் மோட்டார் சைக்கிள் போனாலும் கைப்பேசி ஒலிக்கின்றது. ‘புலி வருகிறது’ என்று பன்முறை பொய்யாகக் கூவிய ஆட்டிடையன் கதையை அறியாதார் யார்? நாளொன்றுக்கு நாற்பது முறை வீணே அழைக்கும் கருவியை, நாற்பத்தோராவது முறை எவரும் நோக்கார். பொறுமையிழந்தோர் உணர்திறனைக் குறைத்துவிடுகின்றனர்; குறைத்தபின் பூனையோடு மனிதரும் தப்பிப்போகின்றனர்.

‘மனிதரையும் விலங்கையும் பிரித்தறியும் மென்பொருள்கள் இப்பொழுது வந்துவிட்டனவே’ என்று சிலர் கூறுவர். உண்மையே; அவை பொய்யழைப்பைக் குறைக்கின்றன. ஆயின், காமிரா விழித்தபின் கிடைக்கும் படத்தை ஆராய்வதே அவற்றின் தொழில். உணர்கருவி எழுப்பாதவிடத்துப் படமே இல்லை. படமில்லாதவிடத்து ஆராய்ச்சி ஏது?

இனி, நாம் அஞ்சும் தீங்கு யாதெனக் கூறுவோம். வீட்டில் ஒரு பொருள் காணாமற் போகின்றது. கைப்பேசியைத் திறந்து நோக்குகின்றனர். அன்று பகல் பாத்திரம் துலக்க வந்த அம்மையார் ஒருவரே அதிற் பதிவாகியிருக்கின்றார். ‘வேறு எவரும் வரவில்லை, காமிராவே சாட்சி’ என்று தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். தாம் குறித்த நேரத்தில் வந்ததாகக் காவற்காரர் கூற, பதிவில் அவர் இன்மையாற் கூலியைக் குறைப்பாரும் உளராகலாம். இங்கே நிகழ்வது யாது? உறங்கிக்கொண்டிருந்தவன், ‘நான் ஒருவரையும் காணவில்லை’ என்று கூறுவதை, விழித்திருந்தவன் சான்றாக ஏற்று, வாய்திறந்து வாதாட வலியற்ற ஏழையின் பெயரைக் கெடுக்கின்றோம். களவினால் இழந்த பொருளை மீண்டும் ஈட்டலாம். பிழையான பழியினால் இழந்த நற்பெயரை ஈட்டித் தருவார் யார்? கருவி ஒன்றைக் கண்டதாயின், அஃது ஓரளவு சான்றாகலாம். அது காணாமை, எதற்கும் சான்றாகாது.

ஆதலின் இக்கருவியை வாங்குவோர் சிலவற்றைக் கடைப்பிடித்தல் நன்று. வருவோர் குறுக்கே கடக்குமாறு வழிக்குப் பக்கவாட்டில், ஏறத்தாழ 7 முதல் 10 அடி உயரத்தில் அதனை அமைத்தல் வேண்டும். சன்னற் கண்ணாடிக்கு உட்புறம் வைத்தல் வீண். நாம் காணும் ஒளியை விடும் கண்ணாடி, உடலின் வெப்பக் கதிரைத் தடுத்துவிடும். பொருத்திய பின், காலையிலும் நண்பகலிலும் அந்தியிலும் இரவிலும் தாமே நடந்து பார்த்து, எங்கே உணர்கின்றது, எங்கே உணரவில்லை என்பதை அறிந்துகொள்ள வேண்டும். கடை, பண்டகசாலை, தனித்திருக்கும் நோயாளியின் அறை முதலாய இடைவிடாத நோக்கம் வேண்டுமிடங்களில், மின்கம்பியால் இயங்கி ஓயாது பதியும் காமிராவே தக்கது. செய்து விற்போரும், குளிர்ந்த மாலையில் அளந்த தொலைவை மட்டும் அச்சிடாது, 35 பாகை வெப்பத்தில் எத்துணைத் தொலைவு உணரும் என்பதையும், விழித்தற்கு எத்தனை விநாடி ஆகும் என்பதையும் பெட்டியின்மேல் வெளிப்படையாகக் குறித்தல் கடன். வாங்குவோர் கேளாதவரை அவர் குறியார். ஆகவே நாம் கேட்டல் வேண்டும்.

மாணவ நண்பர்காள்! விஞ்ஞானம் நமக்குக் கருவிகளை மட்டுமன்றி, அவற்றின் எல்லையை அளந்தறியும் அறிவையும் தந்துள்ளது. முன்னதைப் பெற்றுப் பின்னதைக் கைவிடுதல் கற்றவர்க்கு அழகன்று. வாயிலிற் காமிரா இருக்கட்டும். ஆயின், அதனையே நம்பிப் பக்கத்து வீட்டாருடன் பேச்சொழித்தலும், நெடுநாள் உழைத்த பணியாளரை ஐயுறுதலும் வேண்டா. நம் வீட்டிலும் விடுதியிலும் எவரேனும் ‘காமிராவில் இல்லை’ என்று ஒருவர்மேற் பழி சுமத்தப் புகுவாராயின், ‘அப்பொழுது காமிரா விழித்திருந்ததோ?’ என்று முதலில் வினவும் துணிவு நம்மவர் ஒவ்வொருவர்க்கும் உண்டாகுக.