தொப்பி இல்லையா? அப்போ ஆட்டம் இல்லை!

ஷேன் வார்ன் பௌலிங் போடுற பழைய மேட்ச் கிளிப்பிங்ஸ் பாத்திருக்கீங்களா? மூக்கு, உதடுன்னு வெள்ளையா எதையோ அப்பிக்கிட்டு நிப்பார். அது ஸ்டைல் இல்ல பாஸ், ஜிங்க் க்ரீம். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் தோலைத் தொடாமல் தடுக்கிற கவசம்.

தோல் புற்றுநோய் உலகிலேயே மிக அதிகமாக உள்ள நாடுகளில் ஒன்று ஆஸ்திரேலியா. 70 வயதுக்குள் மூன்றில் இரண்டு பேருக்கு ஏதாவது ஒரு வகை வந்துவிடும் என்பது அங்கே கணக்கு. ஐரோப்பாவிலிருந்து வந்த வெளிர் தோல், சுள்ளென்ற வெயில், எந்நேரமும் பீச். வேறென்ன வேணும்?

1981-ல விளம்பரத்துல ஒரு கார்ட்டூன் கடல்பறவையை ஆட விட்டாங்க. சட்டையை மாட்டு, க்ரீமைத் தடவு, தொப்பியைக் கவிழ்... அவ்ளோதான் மெசேஜ். செம ஹிட்! பள்ளிகளில் தொப்பி இல்லாட்டி விளையாட்டு கட்.

ஆனாலும் காலேஜ் வயசுப் பசங்களை அசைக்க முடியலை. நாம சிவப்பாக க்ரீம் தேடுறோம். அவங்க கறுக்கிறதுக்குக் காசு கொடுத்து, புற ஊதா விளக்குப் பெட்டிக்குள்ள படுத்தாங்க. சோலாரியம்னு பேரு. மெல்போர்ன் பொண்ணு கிளேர் ஆலிவருக்கு மெலனோமா வந்தது. தோல் புற்றுநோயிலேயே ரொம்ப ஆபத்தான வகை இது. சாகும் தறுவாயிலும் மீடியா முன்னாடி வந்து, சோலாரியம் வேண்டாம்னு போராடினார். 2007 செப்டம்பரில் இறந்தபோது வயது 26. நம்ம சீனியர் அக்கா வயசு. சட்டங்கள் ஒவ்வொன்றாக இறுகி, 2016-க்குள் கமர்ஷியல் சோலாரியங்களுக்கு அங்கே முழுத் தடையே வந்துவிட்டது.

ரிசல்ட்? தொப்பியோடு வளர்ந்த தலைமுறையில், 40 வயதுக்குக் கீழ் உள்ளவர்களிடம் மெலனோமா குறைந்திருக்கிறது. தாத்தா பாட்டிகளிடம் கூடியிருக்கிறது. இளமையில் வாங்கிய வெயிலுக்குத் தோல் பல வருஷம் கழித்துத்தான் பில் அனுப்பும். பல பேருக்கு முதலில் வருவது வழுக்கைத் தலை, காது, புறங்கையில் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பான திட்டு. இது இன்னும் புற்றுநோய் இல்லை. சிலருக்கு மட்டும் பின்னால் அப்படி மாறலாம். திரவ நைட்ரஜன் வைத்து உறைய வைத்தே டாக்டர்கள் எடுத்துவிடுவார்கள்.

"நம்ம கலருக்கு இதெல்லாம் வராது மச்சி"னு காலரைத் தூக்குறீங்களா? கறுப்புத் தோலில் உள்ள மெலனின் பெரிய பாதுகாப்புதான், மறுக்கலை. ஆனா ஹாஸ்டல் ரூம்ல போஸ்டரா தொங்குற பாப் மார்லியைக் கேளுங்க. 1977-ல கால் பெருவிரல் நகத்துக்கு அடியில வந்ததை ஃபுட்பால் காயம்னு நெனச்சார். மெலனோமா! விரலை எடுக்கச் சொன்னதுக்கு மறுத்துட்டார். அந்தக் கடல்பறவை ஆட வந்த அதே 1981-ல, 36 வயசுல போயிட்டார். இந்த வகைக்கு வெயில் முக்கியக் காரணமில்லை. நம்ம ஊரில் மெலனோமா அரிது. வந்தால் பெரும்பாலும் கால் பக்கம்தான். அதனால ராத்திரி சாக்ஸைக் கழட்டும்போது, உள்ளங்காலில் புதுசா கறுப்பு மச்சம், நகத்தில் அகலமாகிக்கிட்டே போற கோடு ஏதாவது இருக்கான்னு ஒரு லுக் விடுங்க. இருந்தா, ஸ்கின் டாக்டரிடம் காட்டிடுங்க.