காட்டை வாங்கியவர் யார்?

தாமல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிவதைக் கண்டு மகிழாதார் நம் பக்கத்தில் இலர். ஆயினும், நிரம்பிய ஏரியில் நீர் எவ்வளவு, வண்டல் எவ்வளவு என்று கேட்பார் அரியர். கரையின் உயரம் மாறாதிருக்க, அடிமட்டம் மட்டும் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டிருந்தால், சம்பாவுக்குப் போதிய நீர் நவரைக்குப் போதாமற் போவதில் வியப்பென்ன? நவரை பொய்த்தால் பயிர்க்கடன் தவணை தவறுகிறது. வீட்டுக் கலியாணம் தள்ளிப் போகிறது. கலியாணம் தள்ளினால் நெசவாளர் தறியில் பாவு ஏறுவதும் தாமதமாகிறது. ஆகவே இது விவசாயிகளின் விஷயம் மட்டுமன்று.

இதற்குத் தூர் வாருவதே வழி என்பர். அது வேண்டியதே. உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்து, கி.பி. 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. ஏரியைக் காப்பது ஊராரின் கடமை என்பதை நம் முன்னோர் நமக்கு முன்பே உணர்ந்திருந்தனர். ஆனால் வண்டல் வரும் வழியை அடைக்காமல் வாரிக்கொண்டே இருப்பது ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பதை ஒக்கும்.

வண்டலில் நம் மேட்டு நிலங்களின் மண்ணும் உண்டு, மறுப்பதற்கில்லை. எனினும் பாலாற்றுப் படுகை முழுவதையும் நோக்கினால், மலைக்காடுகளை மறக்க இயலாது. ஜவ்வாது மலையின் வடசரிவு ஓடைகள் பாலாற்றில் விழுகின்றன. அம்மலையிற் பிறக்கும் செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. மரமடர்ந்த சரிவில் விழும் மழையைச் சருகும் வேரும் தாங்கி, மண்ணுள் இறக்கி, ஊற்றாகச் சிறிது சிறிதாக விடுகின்றன. மொட்டைச் சரிவிலோ அதே மழை சில மணி நேரத்தில் மண்ணையும் வாரிக்கொண்டு ஓடிவிடுகிறது.

காடு ஏன் அழிந்தது? மலைவாசிகளே காரணம் என்று எளிதாகக் கூறிவிடுகிறோம். 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை இரயில் ஓடத் தொடங்கியது. தண்டவாளத்தின் கீழிடும் கட்டைகளுக்கும், பின்னர் எஞ்சினின் விறகுக்கும் மரங்கள் வீழ்ந்தன. அவ்வாண்டே சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராக நியமனம் பெற்ற கிளெக்ஹார்ன் துரை இரயிலின் மரத்தேவையைக் கண்டு கவலையுற்றார். 1882இல் வனச் சட்டம் வந்தது. சந்தனக் கடத்தலை அதுவும் நிறுத்தவில்லை. 2015 ஏப்ரல் 7ஆம் நாள் சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவல்துறையினரால் சுடப்பட்டு இறந்த இருபது பேரிற் பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்ட மலைக்கிராமத்து ஏழைகள். செம்மரத்தின் கூலியை நம்பிச் சென்றவர்கள் மாண்டார்கள். அதன் விலையைப் பெறுபவர்கள் அக்காட்டிற்கு வருவதில்லை.

வாங்குபவர் இருப்பதனாலேயே காடு அழிகிறது என்பது நம் கருத்து. இதில் நாமும் விலக்கன்று. நம் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்தும் நியாயவிலைக் கடைகளில் 2007 முதல் பாமாயில் விற்கப்படுகிறது. நம் நாடு அவ்வெண்ணெயில் பெரும்பகுதியை இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் இருந்து தருவிக்கிறது. அங்கே மழைக்காடுகள் பல அழிக்கப்பட்டு எண்ணெய்ப்பனைத் தோட்டங்களாயின. ஏழைக் குடும்பம் மலிவான எண்ணெயை வாங்குவது குற்றமாகாது. ஆனால் வந்தவாசி, செய்யாறு பக்கத்தில் விளையும் மணிலா எண்ணெய் அக்கடையில் இல்லாதிருப்பது ஏன் என்று நம் பொதுக்குழுக்கள் கேட்கலாமே! விலை கூடும் என்பது நியாயமான ஆட்சேபம். பாமாயிலுக்கு அளிக்கும் மானியத்தில் ஒரு பங்கு மணிலாவுக்கும் வேண்டுமெனத் தீர்மானித்து அரசுக்கு அனுப்புவதே அதற்கு மறுமொழி.

இரண்டாவது யோசனைக்கு மானியமும் வேண்டா. ஜவ்வாது மலையில் பழங்குடியினருக்கெனப் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் உண்டு. புளி, தேன், சாமை, சாயத்திற்கு உதவும் கடுக்காய் ஆகியவை அம்மலையில் கிடைப்பவை. வெட்டிய மரம் ஒரு முறைதான் விலை போகும். நிற்கும் புளியமரம் ஆண்டுதோறும் காய்க்கும். நம் சங்கக் கடைக்குரிய புளியை மண்டியில் கொள்முதல் செய்வதை விடுத்து, அச்சங்கத்திடம் நேரே வாங்கினால் தரகும் மிஞ்சும். அறுவடைக்கு முன்னரே நிர்வாகக் குழுவினர் கடிதம் எழுதி, தேவைப்படும் அளவையும் விலையையும் பேசி முடித்துக்கொள்வது நலம்.