தண்ணீர் ஏன் ஏறிற்று?

சென்ற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எங்கள் காலாப்பட்டு வீட்டில் ஜன்னல்களையெல்லாம் இறுகச் சாத்திக்கொண்டு, புழுக்கத்தில் நானும் என் பேத்தியும் உட்கார்ந்திருந்தோம். "சமுத்திரக் காற்று சும்மா வருகிற ஊரில் இருந்துகொண்டு, இது என்ன தலையெழுத்து?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார் எங்கள் வீட்டுக்காரர். அன்றைக்கு எங்களுக்குக் காற்று வேண்டாம். மேஜைமேல் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது!

எல்லாம் டெலிவிஷன் செய்த வேலை. முதல் நாள் ஏதோ ஒரு நிகழ்ச்சியில், வர்ணக் கோட்டு மாட்டிய ஒருவர் விஞ்ஞான வேடிக்கை காட்டினார். தட்டில் கொஞ்சம் தண்ணீர். நடுவில் எரிகிற மெழுகுவர்த்தி. அதன்மேல் ஒரு கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்தார். சுடர் அணைந்தது. தட்டிலிருந்த தண்ணீர் விறுவிறுவென்று தம்ளருக்குள் ஏறிற்று. "உள்ளேயிருந்த பிராணவாயு தீர்ந்துவிட்டது, காலியான இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது!" என்றார். கைதட்டல். உடனே சோப்பு விளம்பரம்.

பேத்திக்குக் கை துறுதுறுத்தது. நெருப்பு விஷயமாயிற்றே என்று நானும் கூடவே உட்கார்ந்தேன். செய்தோம், தண்ணீரும் ஏறிற்று. "பார்த்தாயா!" என்று நானே கைதட்டினேன். அவள் தட்டவில்லை. புருவத்தை நெரித்துக்கொண்டு, "பாட்டி, மெழுகுவர்த்தி எரியறப்போ தண்ணி அவ்வளவா ஏறலையே. அணைஞ்சப்புறம்தானே சட்டுன்னு ஏறிச்சு?" என்றாள்.

"அதெல்லாம் அப்படித்தான். டிவியிலே சொன்னாங்க இல்லே? நானும் பள்ளிக்கூடத்திலே அப்படித்தான் படிச்சேன்" என்றேன்.

குழந்தை அப்புறம் ஒன்றும் பேசவில்லை. தட்டை எடுத்துப்போய்க் கழுவி வைத்துவிட்டாள். சகோதரிகளே, அந்த மௌனம்தான் என்னைச் சுட்டது. ராத்திரி தூக்கம் வரவில்லை. பிராணவாயு தீருவதுதான் காரணம் என்றால், அது செலவாகச் செலவாகத் தண்ணீரும் மெள்ள மெள்ள ஏறியிருக்க வேண்டாமா? அவள் தன் கண்ணால் பார்த்தாள். நானோ அந்த வர்ணக் கோட்டுக்காரரின் வாயால் பார்த்தேன்!

மறுநாள் சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு, "நேற்று நீ கேட்டது சரியான கேள்விதான் கண்ணு. பாட்டிதான் அவசரப்பட்டுட்டேன்" என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. இந்தத் தடவை மூன்று மெழுகுவர்த்திகளைச் சேர்த்து நிறுத்தி, அதே தம்ளரைக் கவிழ்த்தோம். தம்ளர் அதேதான்; உள்ளே இருக்கிற பிராணவாயுவும் அதே அளவுதான். ஆனால் தண்ணீர் முந்தின நாளைவிட நன்றாக உயர ஏறிற்று! அது மட்டுமல்ல; கவிழ்த்தவுடனே தம்ளர் விளிம்பிலிருந்து 'குபுகுபு' என்று குமிழிகள் வெளியேறியதையும் அவள்தான் கண்டுபிடித்தாள்.

சங்கதி இதுதான். சுடரின் சூட்டில் காற்று விரிந்து, கொஞ்சம் வெளியே போய்விடுகிறது. மெழுகுவர்த்தி அணைந்ததும் மிச்சக் காற்று ஆறிச் சுருங்குகிறது. உடனே வெளிக்காற்றின் அழுத்தம் தட்டிலுள்ள தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. பிராணவாயு முழுவதும் தீருவதற்கு முன்பே சுடர் அணைந்துவிடும். செலவான பிராணவாயுவுக்குப் பதிலாகக் கரியமில வாயுவும் நீராவியும் வேறு உண்டாகின்றன. ஆகவே தண்ணீர் ஏறுவதில் பெரும்பங்கு சூட்டுக்குத்தான். சுடச்சுடச் சாதத்தைப் போட்டு இறுக மூடிய டிபன் டப்பா, ஆறிய பிறகு திறக்க வராமல் நம்மைப் பாடாய்ப் படுத்துகிறதல்லவா? அதுவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்!

மெழுகுவர்த்தியை லேசாக எண்ணிவிடாதீர்கள். லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் 1825-ல் கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் ஆரம்பமாயின. அங்கே மைக்கேல் ஃபாரடே என்ற மகா விஞ்ஞானி, ஒரே ஒரு மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு குழந்தைகளுக்கு ஆறு சொற்பொழிவுகள் நடத்தினார். 1966 முதல் அந்தச் சொற்பொழிவுகள் ஆண்டுதோறும் டெலிவிஷனிலும் வந்தன. ஆஸ்திரேலியாவில் 1963 முதல் ஜூலியஸ் சம்னர் மில்லர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் டெலிவிஷனில் வேடிக்கை காட்டினார். உரித்த முட்டையைப் பால் பாட்டிலுக்குள் போக வைப்பார். அதுவும் காற்று ஆறிச் சுருங்குகிற வித்தைதான். அவர் நிகழ்ச்சியின் பெயரே 'ஏன் இப்படி?' என்பது. பதிலைக் காட்டிலும் கேள்விக்குத்தான் அங்கே மரியாதை.

நம் நாட்டிலும் இதற்குக் குறைவில்லை. தொண்ணூறுகளில் தூர்தர்ஷனில் 'டர்னிங் பாயிண்ட்' என்று ஒரு விஞ்ஞான நிகழ்ச்சி வந்தது, ஞாபகமிருக்கிறதா? நாடகாசிரியர் கிரீஷ் கர்னாட் நடத்துவார். காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்த விஞ்ஞானி யஷ்பால், ஜனங்கள் அனுப்பிய கேள்விகளை எடுத்து, வீட்டுத் தாத்தாவைப் போலச் சிரித்துக்கொண்டே விளக்குவார். குழந்தைகளின் புத்தக மூட்டையைக் குறைக்க வேண்டும் என்று 1993-ல் அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுத்த குழுவின் தலைவரும் அவர்தான்.

அரவிந்த் குப்தா என்று இன்னொருவர். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த எஞ்சினியர். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்து வீடு, கோபுரம் எல்லாம் கட்டிக் காட்டுவார். குளிர்பானம் உறிஞ்சுகிற குழாயின் நுனியைத் தட்டையாக்கி, கூம்பாக வெட்டி ஊதுவார்; பீப்பி போலச் சத்தம் வரும். ஊதிக்கொண்டே கத்தரிக்கோலால் குழாயைக் குறைத்துக்கொண்டே வந்தால் சுருதி ஏறிக்கொண்டே போகும்! தூர்தர்ஷனிலும் பிறகு இணையத்திலும் இவற்றைக் காட்டினார். 2018-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். குப்பைக்குப் போகிற சாமானிலிருந்து விஞ்ஞானம்! நம் வீட்டில் அதற்கென்ன பஞ்சம்?

டெலிவிஷனை நான் குறை சொல்லவில்லை. அது காட்டியிராவிட்டால் நாங்கள் ஜன்னலையே சாத்தியிருக்கமாட்டோம். ஆனால் பார்ப்பது பாதிதான். நாமே செய்து பார்த்து, 'சொன்னது சரிதானா?' என்று கேட்பதுதான் மறுபாதி. அந்த மறுபாதியைத்தான் நாம், "தொணதொணக்காதே, போய்ப் படி" என்று ஒரு வார்த்தையில் அணைத்துவிடுகிறோம். கவிழ்த்த தம்ளருக்குள் சுடர் அணைகிற மாதிரியேதான்! பதில் தெரியாவிட்டால் குற்றமில்லை. "தெரியலையே, செய்து பார்க்கலாமா?" என்று சொன்னால் போதும்.

நேற்றுச் சாயங்காலம் பேத்தி தம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வந்தாள். "பாட்டி, இந்தத் தடவை தம்ளரை நல்லாத் துடைச்சுட்டுத்தானே கவிழ்த்தேன்? உள்ளே மேலே பனி மாதிரி ஈரம் படிஞ்சிருக்கே. நெருப்பிலேயிருந்து தண்ணி வருமா?" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனேன்.