முள் பார்த்து உண்ணல்

நம் பாட்டிமார் நாவில் வழங்கிய 'பத்தியம்' என்னும் சொல் இன்று பெரிதும் மறைந்து, அவ்விடத்தில் 'டயட்' என்னும் சொல் வந்து அமர்ந்துவிட்டது. சொல் மாறியது மட்டுமன்று; பொருளும் மாறிற்று. பத்தியம் நோயோடு வந்து நோயோடு சென்றது. அதற்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் இருந்தன. முடிந்த பின்னரும் உடனே விருந்தில் இறங்கிவிடாது, படிப்படியாகப் பழைய உணவுக்கு மீள்வதற்கு 'மறுபத்தியம்' என்றோர் இடைக்காலத்தைச் சித்த மருத்துவர் வகுத்திருந்தனர். இன்றைய டயட்டுக்கு இடைக்காலமும் இல்லை, முடிவும் இல்லை. தொடங்கியவர் தோற்கும் நாளே அதன் முடிவு நாள்.

தோற்றவருள் நாமும் ஒருவர். நாற்பதைக் கடந்தபோது நம் எடை 84 கிலோவைத் தொட்டது. நண்பர் ஒருவர் கைகாட்டிய உடல் இளைப்பு நிலையத்தில் அச்சிட்ட தாள் ஒன்று தந்தனர். சோறு இல்லை, இட்லி இல்லை, பழங்களிலும் இனிப்பானவை இல்லை. 5 வாரங்களில் 7 கிலோ குறைந்தது உண்மை. ஆறாம் வாரம் யாப்பிலக்கண வகுப்பில் தளை கூறிக்கொண்டிருக்கையில் கண் இருண்டு நாற்காலியைப் பற்றிக்கொண்டதும் உண்மை. அன்று மாலை தாளை மடித்து வைத்தோம். நான்கு திங்களில் 7 கிலோவும் திரும்பின. துணைக்கு மேலும் 2 கிலோவை அழைத்து வந்தன. மன உறுதியற்றவன் என்று நம்மை நாமே நொந்துகொண்டோம்.

அந்த நோவுக்கு இடமில்லை என்பதைப் பின்னர்ப் படித்தறிந்தோம். இரண்டாம் உலகப் போரின் இறுதிக்காலமாகிய 1944-45இல், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர், நல்லுடல் கொண்ட 36 இளைஞர்க்கு 24 வாரங்கள் அரைவயிற்று உணவே தந்து ஆராய்ந்தார். அவர்தம் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு குறைந்தது. உடன் நேர்ந்ததே கருதத்தக்கது. இளைஞர் இரவும் பகலும் உணவையே எண்ணினர். சமையல் நூல்களைப் படித்து மகிழ்ந்தனர். தடை நீங்கியதும் சிலர் எவ்வளவு உண்டும் பசி அடங்காது தவித்தனர். எடை குறைப்புக்கென்றே அமெரிக்கத் தொலைக்காட்சியில் நடந்த போட்டி ஒன்றில் பங்கேற்ற 14 பேரை ஆறாண்டு கழித்து ஆராய்ந்து 2016இல் வெளியிட்டனர். சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தனர். ஓய்வு நிலையில் அவர்தம் உடல் செலவிடும் ஆற்றலும் எதிர்பார்க்கும் அளவினும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைந்தே நின்றது. கடுமையாக எடை குறைத்தவர்க்குப் பசியைத் தூண்டும் சுரப்புகள் ஓராண்டு கழிந்தும் பழைய நிலைக்கு மீளவில்லை என்று 2011இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. உடல், பட்டினியைப் பஞ்சம் என்றே கொள்கிறது; பஞ்சத்துக்கு எதிராகத் தன்னைக் காத்துக்கொள்கிறது. இதில் மன உறுதியைக் குறைசொல்லி என்ன பயன்?

இவ்வளவும் நூலறிவு. நமக்கு வழி காட்டியது பழவேற்காட்டில் உண்ட ஒரு வேளைச் சோறு.

நெய்தல் நில வழக்குச் சொற்களைத் திரட்டும் பொருட்டு, சில ஆண்டுகளுக்கு முன் நம் துறை மாணவர் நால்வருடன் பொன்னேரி வழியே பழவேற்காடு சென்றோம். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி அங்குள்ளது. டச்சுக்காரர் 17ஆம் நூற்றாண்டில் கோட்டை கட்டி வாணிகம் செய்த ஊர். இன்று அவர்தம் கல்லறைகளே எஞ்சி நிற்கின்றன. நம் சமுதாயத்தார் தொன்றுதொட்டு வாழும் இடமுமாகும். அவ்வூர் இசுலாமியப் பெண்டிரின் பனையோலைப் பின்னல் பெயர்பெற்றது. ஏரியைச் சுற்றிய குப்பங்களில் மீனவர், இன்னார் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலையிடலாம் என்று முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் வழக்கத்தைப் 'பாடு' என்பர். அச்சொல்லை விளக்கிச் சொன்ன முதியவர், நேரம் உச்சியாகிவிட்டதால் தம் இல்லத்திலேயே உண்ணுமாறு வற்புறுத்தினார்.

விலைபோகும் இறால் விடியலிலேயே பனிக்கட்டிப் பெட்டியில் ஏறிவிட்டிருந்தது. வீட்டுக்கு எஞ்சியவை மடவையும் முள் நிறைந்த பொடிமீனும் காலொடிந்த நண்டுகள் சிலவுமே. நண்டு உண்பது குறித்து நம்மவரிடையே கருத்து வேறுபாடு உண்டாதலின் நாம் மீனோடு நின்றோம். மாணவர் இருவர் நண்டைப் பற்றிக்கொண்டனர். வழக்கம்போல் நாம் சோற்றைப் பிசைந்து, பேசிக்கொண்டே இரண்டு வாய் விழுங்க, மூன்றாம் வாயில் முள் தைத்தது. வீட்டம்மையார் சிரித்துவிட்டு, "மெதுவா சாப்டுங்க பாய். மீனப் பாத்து சாப்டணும், என்னையப் பாத்து இல்ல" என்றார்.

வேறு வழியின்றி மீனைப் பார்த்தோம். முதுகுமுள்ளை நீக்கி, பக்கமுள்ளை விரலால் தடவி எடுத்து, சதையைச் சோற்றோடு சேர்த்து வாயிலிட்டு, நாவால் மீண்டும் ஒருமுறை ஆராய்ந்து விழுங்கினோம். ஒரு வாய்க்கும் மறு வாய்க்கும் இடையே கால் நிமிடமேனும் சென்றது. நண்டை எடுத்தவர் நிலை இன்னும் கடினம். இரண்டு நண்டுக்கு அரைமணி நேரம். இல்லத்தில் மூன்று முறை சோறு வாங்கும் நாம் அன்று ஒரு முறை வாங்கியதோடு நிறைந்துவிட்டோம். விருந்தோம்பிய அம்மையார்க்கு அது வருத்தமே. "கொழம்பு புடிக்கலியா?" என்று இருமுறை கேட்டார். அத்துணைச் சுவையாக அண்மையில் எதையும் உண்டதில்லை என்று கூறியதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

திரும்பும் வழியில் பேருந்தில் எண்ணிப் பார்த்தோம். தமிழில் உண்ணல், தின்னல், பருகல், நக்கல் என்று உணவை நால்வகைப்படுத்திய மரபு உண்டு. மெல்லுதல், சுவைத்தல், கொறித்தல், சூப்புதல், உறிஞ்சுதல் என்று வாயின் தொழில் ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் உண்டு. இன்று 'சாப்பிடுதல்' என்ற ஒரு சொல் அனைத்தையும் விழுங்கிவிட்டது. காப்பியும் சாப்பிடுகிறோம், மாத்திரையும் சாப்பிடுகிறோம். சொற்கள் போனதனால் கவனம் போயிற்றா, கவனம் போனதனால் சொற்கள் போயினவா என்று துணிந்து கூற இயலவில்லை.

மேனாட்டார் இன்று கவனத்தோடு உண்ணல் என்பதைத் தனிப்பயிற்சியாகக் கற்பிக்கின்றனர். உலர்திராட்சை ஒன்றைக் கையிலெடுத்துப் பார்த்து, முகர்ந்து, நாவிலிட்டு, மெல்ல மென்று உண்பது அதன் முதற்பாடம். நம் கடற்கரையில் அந்தப் பாடத்தை மீன்முள் கற்பித்துக்கொண்டிருக்கிறது. இதன் உட்பொருள் எளியது. வயிறு நிறைந்த செய்தியைக் குடலின் சுரப்புகள் மூளைக்குச் சேர்க்கச் சிறிது நேரம் வேண்டும். விரைந்து உண்பவர் அச்செய்தி சேருமுன்னரே மேலும் ஒரு பங்கு உண்டுவிடுகிறார். 2019இல் அமெரிக்க ஆய்வாளர் 20 பேரை ஓரிடத்தில் தங்கவைத்து, இரு வாரம் ஆலையில் பெரிதும் பக்குவப்படுத்திய உணவும் இரு வாரம் வீட்டுச் சமையலை ஒத்த உணவும் வேண்டிய மட்டும் உண்ணத் தந்தனர். ஆலை உணவை அவர்கள் விரைந்து உண்டனர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி மிகுதியாகவும் உண்டனர். பிஸ்கட்டில் முள் இல்லை அல்லவா!

முந்தைய உணவு அற்றதறிந்து அளவோடு உண்ணும் நெறிக்கு வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் இடம் தந்தார். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கும் ஒரு பங்கு நீருக்கும் ஒரு பங்கு மூச்சுக்கும் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வரையறை காட்டியதைத் திர்மிதி பதிவு செய்துள்ளது. ஜப்பானின் ஒக்கினாவாத் தீவினர் பத்தில் எட்டுப் பங்கு நிறைந்ததும் கையெடுப்பர். இம்மூன்றிலும் 'இன்னதை உண்ணாதே' என்ற பட்டியல் இல்லை; 'எப்போது போதும் என்று அறி' என்பதே உண்டு.

மிகைபடக் கூறல் குற்றம். கவனத்தோடு உண்ணல், எடைக்குறைப்பில் கடும்பத்தியத்தை விஞ்சும் என்று இதுவரை ஆய்வுகள் நிறுவவில்லை. ஏறத்தாழ இணையாகவே நிற்கிறது. கட்டுமீறி உண்ணும் வேட்கையைத் தணிப்பதிலேயே அதன் பயன் தெளிவாகத் தெரிகிறது. நீரிழிவுக்கு மருந்தோ ஊசியோ கொள்பவர் மருத்துவரைக் கேளாது உணவு முறையை மாற்றலாகாது. குப்பங்கள் நலவாழ்வின் சொர்க்கம் என்று எண்ணுவதும் பிழை. நாம் உண்ட இல்லத்தின் எதிர்ப்புறப் பெட்டிக்கடையில் 5 ரூபாய்ப் பொட்டலங்கள் தோரணமாகத் தொங்கின. துடுப்புப் பிடித்த கை இன்று இயந்திர விசையைப் பிடிக்கிறது. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 அகவைக்குட்பட்ட பெண்டிருள் நூற்றுக்கு 40 பேர் மிகை எடையினர். அதே தமிழகத்தில் ஐந்து அகவைக்குட்பட்ட குழந்தைகளுள் நால்வர்க்கு ஒருவர் வளர்ச்சி குன்றியவர். வலை வெறுமையாக வரும் நாளில் குறைத்து உண்பதை எவரும் டயட் என்று அழைப்பதில்லை. ஆதலின் இக்கட்டுரை, போதுமான அளவினும் மிகுதியாகக் கிட்டப்பெற்ற நம்மனையோர்க்கே உரியது.

நம்மனையோர் என்றதனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், பெரியோர் பொறுத்தருள்க. ரமலான் நோன்பை எடை குறைக்கும் வழியாகச் சிலர் இளையோர்க்குக் கூறக் கேட்கிறோம். நோன்பு வணக்கம்; அதனைத் தராசில் நிறுப்பது தகாது. நிறுத்தாலும் பயனில்லை; அம்மாதத்தில் குறையும் சிறிதளவு எடை பெருநாளுக்குப் பின் சில வாரங்களில் திரும்பிவிடுவதையே ஆய்வுகள் காட்டுகின்றன. பேரீச்சம்பழமும் நீரும் கஞ்சியுமாகத் தொடங்கும் நோன்பு துறப்பு, வடை, சமோசா, பிரியாணி என நீளும்போது வேறென்ன நேரும்? திருமண விருந்துகளில் ஒரே சகனைச் சுற்றி அமர்ந்து உண்ட காலத்தில், உடன் உண்பவர் பங்கைக் கண்ணால் அளந்தே கை நீளும். இன்று தனித்தனித் தட்டு வந்துவிட்டது. பின்னால் நிற்பவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருக்க, முன்னால் இருப்பவர் விழுங்கிவிட்டு எழுகிறார்.

பழவேற்காட்டிலிருந்து திரும்பிய பின் நாம் எதனையும் விலக்கவில்லை. உண்ணும்போது செய்தித்தாளையும் கைப்பேசியையும் அகற்றினோம். ஒரு வாய் விழுங்கிய பின்னரே மறு வாய் பிசைந்தோம். இரண்டாம் முறை வாங்குமுன் பசி உண்டா என்று நம்மையே கேட்டுக்கொண்டோம். 16 திங்களில் 6 கிலோ குறைந்தது. திருமண வீடுகளில் இன்னமும் தோற்கிறோம். ஆயினும் குறைந்தது திரும்பவில்லை.

வீட்டில் இயன்ற இது கல்லூரியில் இயலவில்லை. நம் நண்பகல் இடைவேளை 40 நிமிடம். அதில் கைகால் கழுவித் தொழுது வருவோர்க்கு 20 நிமிடம் செல்கிறது. விடுதி உணவுக்கூட வரிசையில் 10 நிமிடம். எஞ்சிய 10 நிமிடத்தில் மாணவர் எதனை மெல்லுவர், எதனைச் சுவைப்பர்? வீட்டிலிருந்து சோறு கொணரும் மாணவியர் படிக்கட்டில் நின்றவாறே உண்டு முடிப்பதை நாள்தோறும் காண்கிறோம். அடுத்த கல்வியாண்டுக்குரிய கால அட்டவணையை வகுக்கும்போது நண்பகல் இடைவேளையில் 20 நிமிடம் கூட்டித் தருமாறும், மாலையில் அதனை ஈடுசெய்ய ஆசிரியர்களாகிய நாம் அணியமாக உள்ளோம் என்றும் ஆட்சிக்குழுப் பெருமக்களுக்கு இம்மலர் வாயிலாகவே விண்ணப்பிக்கின்றோம்.